பன்னிரண்டாவது ஆட்டம்

“சித்தப்பா, இந்தத் தடவையும் அப்பா சாகல.”

சொல்லிவிட்டுப் பென்சிலை மேசையில் வீசினாள். அப்பா பிழைத்துக்கொண்டார் என்று எந்த மகளாவது எரிச்சல்படுவாளா? அவள் பட்டாள்.

மேசை முழுக்க அவளே வரைந்த வரைபடம். அறுகோணக் கட்டங்களுக்கு நடுவே ஒரு மேடு, அதன் விலாவில் ஒரு குறுகிய ஓடை. மேட்டின்மேல் இருபத்திரண்டு நீலக் காய்கள், கீழே எண்பது சிவப்புக் காய்கள். நாற்பது வருடங்களுக்கு முன் அவளுடைய அப்பா தளபதியாக நின்று தோற்றுச் செத்த காலாட்படைச் சண்டையைத்தான் மேசை விளையாட்டாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

எதிரே சிவப்புக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவோடு படையில் இருந்தவர், அந்த மேட்டிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரே ஆள். அம்மாவும் சீக்கிரமே போய்ச்சேர, அவளைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கவைத்து ஆளாக்கியவர். நாற்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

“அன்னைக்குக் காலையில அப்படியொரு மூடுபனி, பாப்பா. பக்கத்துலயே நின்ன எனக்கு உங்கப்பா மூஞ்சி தெரியல. அவன் என்ன பண்ணுவான், பாவம்.” இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

விசாரணை அறிக்கையோ ஒரே வரியில் கதையை முடித்திருந்தது: ஓடையில் இருந்த காவலைத் தளபதி விலக்கிக்கொண்டார். அந்த வரி பொய், மூடுபனிதான் காரணம் என்று ஆடிக் காட்டத்தான் ஒன்றரை வருடமாக அவளுக்கு இந்தப் பைத்தியம்.

மூடுபனிக்கு விதி எழுதினாள், ஒரு கட்டத்துக்கு மேல் யாருக்கும் கண் தெரியாது என்று. நீலத்துக்குத் தோட்டாவைப் பாதியாக்கினாள். ம்ஹூம். ஓடை வழியாக ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் ஏற முடியும். அங்கே ஒரே ஒரு காவல் காய் இருந்தால் போதும், அது சுட்டதும் மேடே விழித்துக்கொள்ளும். பதினோரு ஆட்டத்திலும் அப்பாவே ஜெயித்தார்.

“வரைபடத்துல ஏதாவது தப்பு இருக்கா, பாருங்க சித்தப்பா.”

அவர் குனிந்து பார்த்தார். “ஓடையில அந்தப் பாறையை ரெண்டு கட்டம் தள்ளி வை. தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், சாஞ்சா முதுகு நனைஞ்சிடும்.”

“உச்சியில பதுங்குகுழி எத்தனைன்னு கேட்டேனே?”

“ஆறோ ஏழோ... வயசாச்சும்மா.”

தொலைபேசி அடித்தது. விளையாட்டை வெளியிடுகிற பதிப்பாளர். “நடந்த சண்டைன்னு அட்டையில போடுறோம்மா. நடந்த மாதிரி ஒரு தடவையாவது முடிய வேண்டாமா? அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது, பார்த்துக்குங்க.”

மணி மூன்று. பதினோரு ஆட்டமாகத் தொட மனம் வராத காயை அவள் இப்போது தொட்டாள். ஓடைக் காவலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

“ஆடுங்க, சித்தப்பா.”

“வேணாமே, பாப்பா.”

“ஆடுங்க.”

அவர் உருட்டிய பகடை மேசையை விட்டே விழுந்தது. பொறுக்கியெடுத்து மறுபடி உருட்டினார். நாலாவது சுற்றில் மேடு விழுந்தது. அறிக்கையில் சொன்ன அதே வழி, அதே நேரம்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாருக்காக ஒன்றரை வருடம் மல்லுக்கு நின்றாளோ, அவரே அவளை மோசம் பண்ணிவிட்டார்.

“இருபது பேர் அவரை நம்பி நின்னாங்க, சித்தப்பா. இருபது வீட்டுலயும் என்னை மாதிரி ஒருத்தி இருந்திருப்பா. அப்பான்னு சொல்லவே கூசுது.”

சித்தப்பா சிவப்புக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“உங்களுக்கு எல்லாம் தெரியும், இல்ல? நான் நொந்துபோயிடுவேன்னுதான் மூடுபனின்னு சொல்லி வளர்த்தீங்க. உங்களுக்கு மகளாப் பொறந்திருக்கணும் நான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தின் படியை இழுத்தாள். கடைசி விதியை எழுதினாள்: ‘ஆட்டத் தொடக்கத்திலேயே ஓடைக் காவலைக் கட்டாயம் விலக்க வேண்டும். இது தளபதியின் பிழை.’ பக்கத்தில் தளபதியின் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள்.

அவர் கை காகிதத்தின்மேல் வந்து விழுந்தது.

“எழுதாத.”

“கையை எடுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு அவரைக் காப்பாத்துவீங்க?”

கையை எடுக்காமலே அவர் சொன்னார்:

“ஓடையில காவலுக்கு நின்னது நான், பாப்பா. உங்கப்பா என்னை நகரச் சொல்லவே இல்ல.”