முதல் பாடம் அம்மாவுக்கு

"இடமெல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள் டான்ஸ் டீச்சர், ஸ்பீக்கர் வயரைச் சுருட்டியபடி.

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். இன்னும் ஒரு இடம் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரே!" என்றாள் இஸ்திரிக் கடைக்காரி. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். நெற்றியில் வேர்வை கூடக் காயவில்லை.

டீச்சர் அகப்பட்டுக்கொண்டாள். ஒரு இடம் இருந்தது உண்மைதான். காசு கொடுத்து ஆட்டம் கற்க வழியில்லாத வீட்டுப் பெண்களுக்காக அவள் நடத்தும் இலவச வகுப்பு அது. ஆனால், அவள் சூடு கண்ட பூனை.

"போன வருஷம் என்ன நடந்துச்சு தெரியுமா? நல்லா ஆடிட்டிருந்த புள்ளைங்க. ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்திக்கு நிச்சயம்னு பாதியிலேயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. மேடையில நான் வெறும் பாட்டை மட்டும் ஓட விட்டுட்டு நின்னேன். எல்லாம் அம்மாக்கள் பண்ற வேலை!"

"எங்க வீட்டுப் புள்ளைக்கு அப்படி நடக்காது டீச்சர்."

"எல்லாரும் சொல்றதுதான். சரி, எப்படி ஆடுவா?"

இஸ்திரிக்காரிக்கு முகமெல்லாம் பல். "அதை ஏன் கேக்குறீங்க! கையில இஸ்திரிப் பெட்டி இருக்கும். காலு தன் பாட்டுக்கு ஆடிட்டிருக்கும். போன வாரம் வக்கீலோட பேண்ட்டைக் கருக்கிட்டா. நாலு திட்டு திட்டலாம்னு வாயைத் திறந்தேன். அவ சுத்தின சுத்தைப் பாத்ததும் வாய் தானா மூடிக்கிச்சு. இந்தக் காலைக் கட்டிப் போட்டா பாவம் பிடிக்கும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. முதல் பாடம் அம்மாவுக்குத்தான். அவங்க ஆடிக் காட்டினாத்தான் புள்ளையச் சேத்துக்குவேன். ஒரு தடவ ஆடிப் பாத்தவங்களுக்கு, நிறுத்துடின்னு சொல்ல வாய் வராது."

"அம்மாதான் ஆடணுமா?"

"அம்மாதான்."

இஸ்திரிக்காரி வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "நாள் பூரா நின்னு மரத்துப்போன காலு டீச்சர் இது…"

"அப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவர் நிறையக் கண்ணாடி. அதில் தன்னைப் பார்த்து, "கடவுளே, தெரிஞ்சவங்க யாரும் வந்துடக் கூடாது" என்றாள்.

பாட்டு தொடங்கியது. இடது கால் போக வேண்டிய இடத்துக்கு வலது கால் போயிற்று. கை தட்டச் சொன்னால் குனிந்தாள், குனியச் சொன்னால் சுற்றினாள். சுற்றிய வேகத்தில் ஸ்பீக்கர் தப்பியது பெரிய விஷயம். ஆனாலும் பாட்டு முடியும் வரை அவள் நிற்கவே இல்லை.

"போதும்மா, போதும்!" டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இந்த அம்மாளை அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. கல்யாணம்னு சொல்லிப் பாதியில நிறுத்த மாட்டேன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம், சத்தியம்!" மூச்சு வாங்கிக்கொண்டே கையில் அடித்தாள். "அவ கல்யாணப் பேச்சையே எங்க வீட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. வகுப்பு இருக்கிற நாள்ல துணியெல்லாம் நானே தேச்சுக்குறேன். போதுமா?"

"சரி, புள்ளையக் கூப்பிடுங்க."

வாசற்படியில் காத்திருந்த பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். டீச்சரைப் பார்க்கவே பயம் அவளுக்கு. இஸ்திரிக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இடம் கிடைச்சிருச்சுடி!"

அவள் ஓடி வந்து இஸ்திரிக்காரியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்கும் மனசு இளகிப்போயிற்று.

"குடுத்து வச்சவ நீ. இப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைப்பாங்க?"

"எங்கம்மா என்னை ஆடவே விட்டதில்ல டீச்சர்" என்றாள் அந்தப் பெண், கட்டிய கையை விடாமல். "இவங்க என் மாமியார்."