வயிற்றுப்பக்கம்

ஆறாவது விமானத்தையும் கோணேஸ்வரி உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

யோகலிங்கத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை அது. முள்முருக்குக் கட்டையைச் சீவி உடம்பு செய்திருந்தான். பால்மாப் பேணித் தகரத்தை வெட்டி இரண்டு பக்கமும் இறக்கையாகச் செட்டை வைத்திருந்தான். ஊசி முனையால் குடைந்து ஜன்னல்கூட வரிசையாகத் திறந்திருந்தான். பெண்சாதிக்கு அந்த ஜன்னல் ஒன்றும் கண்ணில் படவில்லை.

செட்டையில் விரலை வைத்துக் காட்டினாள். கீழே. இன்னும் கொஞ்சம் கீழே.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் வள்ளம் திருத்துகிறவன் அவன். எந்த ஓட்டையையும் அடைத்துக் கடலில் விட்டுவிடுவான். ஆனால் விமானம் செய்வது புதிது. படம் பார்த்துச் செய்யவும் வழியில்லை. சட்டைப்பையில் விமானப் படத்தோடு ராணுவச் சோதனைச்சாவடியில் பிடிபட்டால், அதற்குப் பிறகு வீட்டார் ஆளைத் தேடிப் பிரயோசனமில்லை.

ஆகவே வேலையிடத்துக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம், சோம்பல் முறிக்கிற சாட்டில் கையை நீட்டி விரலால் அளந்தான். உடம்பு நாலு விரல், செட்டை ஐந்து விரல். அளவு மறந்துபோகாமல் இருக்கக் குச்சவெளி பஸ்ஸில் வீடு வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் தேவாரம் பாடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

இத்தனை பாடும் எதற்கென்றால், கோணேஸ்வரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

மற்றச் சனங்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இது குண்டு போடுகிற பொம்பர், பங்கர்க் குழிக்குள் இறங்கு. இது சாமான் ஏற்றுகிற விமானம், உன்பாட்டில் வேலையைப் பார். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். சண்டை தொடங்கிய முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது தரம் கருவாட்டுப் பாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒருநாள் பங்கர் வாசலில் தடுக்கி விழுந்தாள். மூன்று மாதக் கரு கலைந்துபோனது.

அன்று வந்தது வெறும் சாமான் விமானம் என்று பிறகு சொன்னார்கள்.

அந்தக் கிழமைதான் யோகலிங்கம் அரத்தைக் கையில் எடுத்தான்.

“ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு மினக்கேடா, தம்பி?” என்று பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து கேட்டாள்.

“நான் பிழையாச் செய்து குடுத்தால் அவள் பிழையாத்தானே அக்கா பார்ப்பாள்” என்றான்.

ஏழாவதைக் கொடுத்தபோது கோணேஸ்வரி அதைப் பக்கவாட்டில் பார்க்கவில்லை. பாயில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து பார்த்தாள். அடியில் வெறுங்கட்டைதான் இருந்தது.

அப்போதுதான் அந்த மடையனுக்கு விளங்கியது. ஜன்னல், ஓட்டியின் தலை, முதுகுக் கோடு என்று மாய்ந்து மாய்ந்து செய்ததெல்லாம் மேல்பக்கம். அவள் ஆயுசில் ஒரு விமானத்தின் முதுகைப் பார்க்கப் போவதில்லை. அவளுக்கு வாய்த்தது வயிறு மட்டும்.

அடுத்த இரண்டையும் மேல்பக்கம் உளி போனபடியே விட்டான். வயிற்றுப்பக்கத்துக்கு உயிரைக் கொடுத்தான். பொம்பருக்கு ஒடுங்கிய செட்டையும் அடியில் தொங்குகிற இரண்டு குண்டும். சாமான் விமானத்துக்குப் பருத்த வயிறும் இரண்டு எஞ்சினும், சில்லு மடங்கி உள்ளே போகிற இடத்தில் விளக்குக்கரியால் ஒரு கோடும். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் பெயின்றைப் பூசி, தூண்டில் நூலில் கட்டி முகட்டில் தொங்கவிட்டான்.

கோணேஸ்வரி கீழே நின்று அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். இந்தத் தடவை விரலை எங்கும் வைக்கவில்லை. அவன் கன்னத்தைத்தான் கிள்ளினாள்.

பாடத்துக்கு இரண்டே சைகை. இரண்டு கைமுட்டியையும் நெஞ்சோடு இழுத்தால் ஓடு. உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினால் ஓடத் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய நேரம், கடல்பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. இரண்டு எஞ்சின், பருத்த வயிறு.

கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த கோணேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தூரத்தில் கிணற்றடியில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்து, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினாள். சரியான விடை. யோகலிங்கம் தலையாட்டினான். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விமானம் திரும்பி, இன்னும் தாழப் பதிந்து வந்தது. விலாவில் கதவு திறந்திருந்தது. கதவு கீழிருந்து தெரியாது என்று அவன் அதைச் செய்யாமல் விட்டிருந்தான். திறந்த கதவில் இரண்டு பேர் குனிந்து ஒரு பீப்பாய்க் குண்டை வெளியே உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஓடு, கோணேசு!” என்று கத்தினான், யாரிடம் கத்துகிறோம் என்பதே மறந்துபோய்.

பிறகு இரண்டு கைமுட்டியையும் நெஞ்சோடு இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டு மணலில் விழுந்தெழும்பி அவளை நோக்கி ஓடினான்.

அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடியும் உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினாள்.

ஒவ்வொரு பின்னேரமும் பாடத்தின் கடைசியில் அவன் வேண்டுமென்றே பொய்ச்சைகை காட்டுவான். சாமான் விமானத்துக்குக் கீழே அவளை நிற்கவைத்து, ஓடு ஓடு என்று பதறுவான். என் முகத்தைப் பார்த்து ஏமாறாதே, ஊரே ஓடினாலும் ஓடாதே, மேலே தெரிவதை மட்டும் நம்பு என்று அவளுக்குப் படிப்பித்தவன் அவன்தான். தொடக்கத்தில் ஏமாந்தாள். இந்த ஒரு மாதமாக ஒரு தரம்கூட ஏமாறவில்லை.

இன்றைக்கு நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, ஓடி வருகிறவனை விரலை ஆட்டிச் செல்லமாக மிரட்டிவிட்டு, அடுத்த மீனைப் புரட்டக் குனிந்தாள்.