வௌவால் போட்ட கொட்டை

தங்கள் நிலத்துப் புளியமரத்தடியில் அவள் குந்தியிருந்தாள். அப்போதுதான் விடிந்திருந்தது.

சருகுக்குள் கையை விட்டுத் துழாவினாள். முந்திரிக்கொட்டைகள் அகப்பட்டன.

ஒன்றிரண்டு இல்லை. ஒரு மடி நிறைய.

வௌவால் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எந்த நிலத்தில் போடுகிறதோ, அந்த நிலத்துக்காரருக்கு அது சொந்தம். ஊர் வழக்கம். யாரையும் கேட்க வேண்டாம், யாரிடமும் நிற்க வேண்டாம்.

அவளுக்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

புயலில் அவர்களுடைய முந்திரிக்கொல்லை முழுக்கச் சாய்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து வாங்கி வந்து நட்ட ஒட்டுமரங்கள். வேலிக்கு அந்தப்புறம் மூத்தார் கொளஞ்சியின் நாட்டுமரம் மட்டும் ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றது. இந்த மண்ணிலேயே முளைத்து, இந்தக் காற்றிலேயே வளர்ந்த மரம். என்ன திமிர் அதற்கு!

அதன் விதைதான் வேண்டும்.

இந்த மழைக்குக் கன்று வைக்காவிட்டால் கொல்லையைச் செம்மண் அள்ளும் லாரிக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கணவன் சொல்லிவிட்டான். தன் அண்ணன் கொளஞ்சியிடம் விதை கேட்கவும் விடமாட்டான். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"அந்த வாசல்ல போயி வெதைக்கு நின்னீன்னா, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டன்."

வீட்டுப் பின்புறம் வந்து வாளித் தண்ணீரில் கொட்டைகளைக் கொட்டினாள். மிதப்பது பொக்கு. மூழ்குவதுதான் முளைக்கும்.

எல்லாமே மூழ்கின.

அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்கி வந்ததில் பாதியாவது எப்போதும் மிதக்கும்.

ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். எதிலும் பழச்சக்கை ஒட்டியிருக்கவில்லை.

எந்த ஊர் வௌவால் தண்ணீரில் போட்டுப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கிக் கொண்டுவந்து போடும்?

அடிப்பாவி, என்றாள் வாய்க்குள்.

வேலிக்கு அந்தப்புறம் மூத்தார் மனைவி செல்லம்பா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. அத்தனை மும்முரம்.

இவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வேலியோரம் போய் நின்றாள்.

"யக்கா. ராவெல்லாம் பறந்த வௌவாலுக்கு ஒரு வாய் காப்பி போட்டாரட்டா?"

செல்லம்பா குனிந்தபடியே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போட்டா. சக்கர மட்டும் போட்டுடாதடி. ஊசி போட்டுக்கறேன் இப்ப."

எப்போதிலிருந்து என்றுகூட இவளுக்குத் தெரியாது.