இடது ஓரப் பல்

"அடப்பாவி! மறுபடியும் இதே பல்லா?"

பொக்லைன் பக்கெட்டைப் பார்த்ததும் வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து பல்லில் நாலு கிண்ணென்று இருக்க, இடது ஓரப் பல் மட்டும் மழுங்கிக் கிடந்தது. தேயாமல் இருக்க அதன்மேல் கெட்டி வெல்டிங் போட்டுக் கொடுத்து முழுசாக எட்டு நாள்கூட ஆகவில்லை.

"நேராத் தோண்டத் தெரியாதாய்யா உனக்கு?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் தேஞ்சிடுச்சுண்ணே. இன்னொரு தடவை போட்டுக் குடுத்துடுங்க."

"நான் போடறது வெல்டிங்கா, சுண்ணாம்பா? இருபது வருஷத்துல என் வேலையை ஒருத்தன் குறை சொன்னதில்லை. உன்னால என் பேரு நாறுது!"

அதோடு விடுவாரா மனுஷன்? நேரே முதலாளியிடம் போய் வத்தி வைத்துவிட்டார்.

"மெஷினைக் கன்னாபின்னான்னு ஓட்டறானா? நாளைக்கே நிறுத்திடறேன்" என்றார் முதலாளி.

வெல்டர் திருப்தியாக வீட்டுக்கு வந்தார். அந்தப் பொக்லைன் ஓடுகிற வேலையிடத்திலேயே கடப்பாறை பிடிக்கிற மனைவி, டம்ளரில் தண்ணீர் நீட்டினாள்.

"ஏம்மா, கையில கொப்புளத்தையே காணோம்? வேலையை மாத்திட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சுவரோரம் மெஷின் நேரா இறங்காதில்ல? அந்தப் பாறையை நாங்கதானே உடைக்கணும்? பாவம், டிரைவர் தம்பி தன்னோட சாப்பாட்டு நேரத்துல பக்கெட்டைச் சாய்ச்சு, ஓரப் பல்லாலயே உடைச்சுக் குடுத்துடுது. நாங்க அள்ளிக் கொட்டறதோட சரி."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"'அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க அண்ணி'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. தங்கமான பிள்ளைங்க. இந்த வேலை கிடைச்சப்புறம்தான் அதுக்குப் பொண்ணு குடுக்கவே சம்மதிச்சாங்களாம். அடுத்த மாசம் கல்யாணம்."

 வெல்டர் டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"முதலாளி, டிரைவரை நிறுத்திடாதீங்க. அவன்மேல ஒரு தப்பும் இல்லை."

"என்னய்யா, காலையில ஒண்ணு சொல்றே, சாயங்காலம் ஒண்ணு சொல்றே! அப்போ பல்லு எப்படித் தேயுது?"

வெல்டர் மனைவியின் கையை ஒரு தடவை பார்த்தார்.

"என் வெல்டிங்தான் சரியில்லைங்க!"