ரோஸ் நிறப் போஸ்டர்

இருபத்தேழு வருடமாகச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறேன். எழுத்துப் படிக்கத் தெரியாத காலத்தில் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சிவப்பில் அரிவாள் என்றால் சண்டைப் படம், நீலத்தில் பாதி முகம் என்றால் பேய்ப் படம், கறுப்புக் கட்டம் என்றால் சாவு. என் மனைவி செங்கமலம் செத்தபோது அவளுடைய போட்டோ ஒன்றுதான் கையில் இருந்தது. மகள் கல்யாணத்தில், வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றுச் சிரிக்கிறாள்.

“கறுப்பு போடலைன்னா இது அஞ்சலி மாதிரியே இருக்காது மாமா” என்றான் அச்சகத்து டிசைனர் எட்வின்.

“அவளுக்குக் கறுப்பு பிடிக்காதுய்யா. ரோஸ் போடு.”

மறுநாள் காலையில் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கீரைக்கூடையோடு போன ஒரு பெண் நின்றாள். கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிதாகத்தான் இருந்தது. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

“யாருண்ணே இந்தம்மா, கவுன்சிலருக்கு நிக்கிறாங்களா?”

நான் பசை வாளியில் பிரஷை முக்கினேன். அவளே தொடர்ந்தாள்.

“பார்த்தாலே தெரியுது, நல்ல மனுசி. போன தடவ நின்னவனுக்கு முழியே திருட்டு முழி. எங்க வீட்டு நாலு ஓட்டும் இவங்களுக்குத்தான். தெருக்குழாய்ல தண்ணி வந்து ஒரு மாசமாச்சு, நேர்லயே சொல்லிடறேன். வீட்டுக்கு எப்ப வந்தா பார்க்கலாம்?”

செங்கமலத்தின் கன்னத்தில் காகிதம் காற்றடைத்து உப்பியிருந்தது. உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டேன்.

“சாயங்காலம் வாம்மா. வாசல்லதான் உக்காந்திருப்பா.”