டைரக்ட் லைன்

சாவி அவன் கையில் இருந்தது. ஆனாலும் விளக்கு எரிந்தது.

ஜெகபர் பாய் டெஸ்ட் விளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் செருகினார். மறுபடியும் எரிந்தது.

"இது ஏற்கெனவே டைரக்டாதான் சார் குடுத்திருக்கு."

இளமாறனுக்குப் புரியவில்லை.

காரில் சார்ஜர் செருகுகிற அந்தச் சின்ன சாக்கெட், சாவியைத் திருப்பினால்தான் வேலை செய்யும். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். தெருவில் நிறுத்திய காரில் யாரோ கோடு கிழித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கேமரா மாட்டலாம் என்று நினைத்தான். வண்டி அணைந்திருந்தாலும் கேமரா ஓட வேண்டும். அதற்காகத்தான் பாலக்கரைக்கு, பாயின் கார் வயரிங் கடைக்குக் கொண்டுவந்திருந்தான்.

பாய் ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து, உள்ளே டார்ச் அடித்தார்.

"பேட்டரிலேருந்து தனியா ஒரு லைன் இழுத்திருக்காங்க. தனி ஃபியூஸ் வேற. சுத்தமான வேலை. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

அவனுக்கு பைக் போதும். காரை ஓட்டுவது வசுமதி. அவன் மனைவி. தில்லைநகரில் அலுவலகம். இன்று காலை அவன்தான் அவளை அங்கே இறக்கிவிட்டு, மதியத்துக்குள் தருவதாகச் சொல்லிக் காரை எடுத்து வந்திருந்தான்.

வண்டியை அணைத்துவிட்டு அவளுக்கு எதற்குக் கரண்ட்?

போன் என்றால் அலுவலகத்திலேயே சார்ஜ் போடலாம். காரில் உட்கார்ந்து யாரிடமாவது பேசுகிறாளா?

அந்த எண்ணம் வந்ததும் அவனுக்கே கூசியது.

கடைக்கு வெளியே வந்து அவளை அழைத்தான்.

"கார் சாக்கெட்டுக்கு யாரு வயர் மாத்தினது?"

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"நான்தாங்க. ஆபீஸ் பக்கத்துல ஒருத்தர்கிட்ட விட்டு மாத்தினேன்."

"எதுக்கு?"

"பால் எடுக்கறதுக்கு."

"எந்தப் பால்?"

கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்பது உறைத்தது.

மகள் பங்குனியில் பிறந்தாள். பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள்.

பால் வற்றுவதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவன்தான் வாங்கி வந்தான். தண்ணீரும் அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். விழுங்கினாளா என்று அவன் நின்று பார்க்கவில்லை.

"மாத்திரை போடலையா நீ?"

"போடல."

பிறகு அவளாகவே சொன்னாள். அலுவலகத்தில் தனி அறை கிடையாது. மதியம் அடித்தளத்தில் நிற்கும் காருக்கு இறங்கி வந்துவிடுவாள். அங்கே இன்ஜினை ஓடவிடக் கூடாது, புகை. பம்ப்புக்கு மட்டும் கரண்ட் வேண்டும். எடுத்ததை ஐஸ் பையில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில், தாய்ப்பால் வங்கியில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவாள்.

"குறைமாசத்துல பொறந்ததுங்க அங்க நிறைய இருக்குங்க."



சாயங்காலம் தாமதமாக வருகிறாளே என்றபோதெல்லாம், கோயிலுக்குப் போகிறாள் போல என்று விட்டுவிட்டான். ஃப்ரீசரில் நீல நிற ஐஸ் பொட்டலங்கள் கிடந்தன. டிபன் கெடாமல் இருக்க என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். ஒன்றையும் கேட்கவில்லை. குழந்தை என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தால் அவளுக்கு ஆறும் என்று நம்பினான்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தான். சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தான். போதும் விடு என்றுதான் சொல்லியிருப்பான்.

"கார் எப்பங்க வரும்?" என்றாள். குரல் தாழ்ந்தது. "பால் கட்டிக்கிச்சு. வலிக்குது."

அவன் உள்ளே ஓடினான்.

பாய் வயரை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கேமராவுக்கு இதுலேருந்தே பிரிச்சு எடுத்துடவா சார்?"

"வேணாம் பாய். இருந்த மாதிரியே மூடிடுங்க. சீக்கிரம்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். வயரை உள்ளே தள்ளி மூடினார்.

மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். முன்னால் ஆட்டோவில் இருந்தவர் திரும்பி முறைத்தார். அப்போதும் கையை எடுக்கவில்லை.

அடித்தளத்தில் லிப்ட் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். தோளில் பை. துப்பட்டாவை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

காரை ஒரு தூண் ஓரமாக நிறுத்தி அணைத்தான். இறங்கி, சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.  

அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஒவ்வொன்றாகத் துணியைச் செருகினாள். பழகிய கை.

கதவு மூடியது. உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இரையத் தொடங்கியது.

அவன் மாடிப்படி வரைக்கும் நடந்தான். மேலே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பிக் காரை நோக்கி வந்தான்.

சரிவுப் பாதையிலிருந்து இறங்கி வந்த செக்யூரிட்டி, கையை நீட்டி அவனை மறித்தார். நரைத்த மீசை. பெரிய அளவுச் சட்டை.

"அந்தப் பக்கம் போவாதீங்க சார். கைப்புள்ளக்காரங்க உள்ள இருக்காங்க."

அவன் நின்றான்.

"வீட்டுல பச்சப்புள்ளய விட்டுட்டு வேலைக்கு வர்றாங்க, பாவம். இந்த நேரத்துல யாரையும் நான் அந்தப் பக்கம் விடுறதில்ல."

நான்தான் அவள் வீட்டுக்காரன் என்று சொல்ல வாயெடுத்தான்.

"சரிங்க" என்றான்.

காருக்கு முதுகைக் காட்டியபடி, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.