பக்கத்து வீட்டு அண்ணை

நாடகத்தில் கணவனாக நடித்தவன் கனடாவுக்குப் போய்விட்டான். யாழ்ப்பாணம் பத்து வருடமாகச் சிரித்துப் பார்த்த தொலைக்காட்சித் தொடர் அத்தோடு படுத்துவிட்டது. புதுக் கணவனாக வந்த பிரதீபனும் மனைவியாக நடிக்கும் யசோதினியும் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களைப் புருசன் பெண்சாதியெண்டு ஆராவது நம்புவினமோ?" என்று இயக்குநர் குகதர்சன் தலையில் அடித்துக்கொண்டார். தொடர் நின்றால் அவர் பழையபடி சீமெந்துக்கல் அரியும் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான்.

கதையை மாற்றினார். வேறொருவன் கணவனானான். பிரதீபனைப் பக்கத்து வீட்டுக்காரனாக்கி வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

அன்றைக்கே தொடருக்கு உயிர் வந்தது. யசோதினி வேலிக்கு மேலால் எட்டி, "அண்ணை, ஒரு பாதித் தேங்காய் இருக்கோ?" என்றதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஊரும் சேர்ந்து சிரித்தது.

கொஞ்ச நாளில், விளம்பரம் தருகிற புடைவைக்கடை முதலாளி போன் எடுத்தார்.

"தம்பி, இது குடும்பங்கள் பாக்கிற நாடகம். உவை ரண்டு பேருக்கும் ஏதோ தொடுப்பிருக்கெண்டு சனம் கதைக்குது. நான் விளம்பரத்தை நிப்பாட்டப் போறன்."

குகதர்சன் இருவரையும் கூப்பிட்டார்.

"மறைக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்குள்ளை ஏதும் இருக்கோ?"

பிரதீபன் நிலத்தைப் பார்த்தான்.

"ஓம் சேர்," என்றாள் யசோதினி. "மூண்டு பிள்ளையள் இருக்கு. சொன்னால் இவருக்கு வேசம் தரமாட்டியளெண்டு மறைச்சனாங்கள். தாலி கட்டின மனுசனைப் போய் அண்ணையெண்டு கூப்பிடச் சொன்னால், சிரிக்காமல் என்ன செய்யிறது?"